‘வேட்டு’ என்றானா, ‘வெட்டு’ என்றானா? வாட்ஸ்அப் உரையாடலை நீதிமன்றம் படிக்கும் விதம்

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து, ஆசிரியையாகப் பணிபுரியும் 34 வயதுச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அவருடைய கடிதத்தின் சாரத்தைத் தருகிறேன்.

அவருடைய தம்பிக்கு 26 வயது; மைக்செட் வாடகைக் கடையில் வேலை. 2025 ஆடி மாதம் ஊரில் அம்மன் கோயில் கொடை நடந்த இரவில், மண்டபத்துக்குப் பின்புறம் ஒருவர் அரிவாளால் வெட்டப்பட்டுப் படுகாயம் அடைந்தார். கொலை முயற்சி, குற்றச் சதி ஆகிய பிரிவுகளில் ஐந்து பேர் மீது வழக்கு. தம்பி ஐந்தாம் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஐந்தாமவர். அவர் சம்பவ இடத்தில் இருந்ததாகக் காவல்துறையே சொல்லவில்லை. நண்பர்கள் ஆறு பேர் கொண்ட வாட்ஸ்அப் குழு ஒன்றில் அன்று மாலை 7.40 முதல் 9.15 வரை நடந்த உரையாடலின் மூன்று பக்க ஸ்கிரீன்ஷாட்தான் அவருக்கு எதிரான முக்கிய ஆவணம். அந்தக் குழுவின் ஆறாவது உறுப்பினர் இப்போது அரசுத் தரப்புச் சாட்சி. படங்கள் அவருடைய போனிலிருந்து எடுக்கப்பட்டவை. 8.10-க்கு இரண்டாம் எதிரி ஆங்கில எழுத்தில் ஒரு வரி அனுப்புகிறார். அதைக் குற்றப்பத்திரிகை ‘நைட் வெட்டு போட்டுருவோம்’ என்று படிக்கிறது. தம்பியோ, அது வெட்டு அல்ல, கொடைக்குப் போடும் வேட்டு என்கிறார். 8.12-க்கு அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் எமோஜியை இட்டிருக்கிறார். மறுநாள் காலையில் குழுவிலிருந்து வெளியேறி, உரையாடலையும் அழித்துவிட்டார்.

தம்பி இப்போது நிபந்தனைப் பிணையில் இருக்கிறார். வழக்கு அமர்வு நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டுவிட்டது. சகோதரியின் கேள்விகள் இவை: வாட்ஸ்அப் செய்தி நீதிமன்றத்தில் செல்லாது என்று பலரும் சொல்வது உண்மையா? குற்றப்பத்திரிகையுடன் உள்ள சான்றிதழில் நிபுணரின் பகுதி இல்லை என்பதால் தம்பியை விடுவித்துவிடுவார்களா? நிறுவனத்திடமே முழு உரையாடலையும் கேட்டுப் பெறலாமா? ஆறாவது நண்பரின் தாயாரிடம் தான் போய்ப் பேசலாமா? சம்பவத்துக்கு முந்தைய தை மாதம் வரை தம்பி பயன்படுத்திய பழைய போன் வீட்டு அலமாரியில் இருக்கிறது. வம்பு வேண்டாம், அதை உடைத்துப் போட்டுவிடுங்கள் என்று உறவினர் ஒருவர் சொல்வதைக் கேட்கலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் மற்றவை காத்திருக்கும், இது காத்திருக்காது. அந்தப் போனைத் தொடாதீர்கள். நீதிமன்றத்தில் சான்றாகக்கூடிய மின்னணுப் பதிவை, அது அங்கே போய்ச் சேரக்கூடாது என்ற எண்ணத்துடன் அழிப்பது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 241-ஆவது பிரிவின்படி மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய தனிக் குற்றம். இன்று வழக்கில் இல்லாத நீங்கள், உறவினரின் அந்த ஒரு யோசனையால் வழக்குக்குள் வந்துவிடுவீர்கள். அதைவிடப் பெரிய காரணமும் உண்டு: உங்கள் தம்பிக்கு ஆதரவாக இருக்கக்கூடிய மிகச் சிறந்த சான்று அந்த அலமாரிக்குள்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதுவரை அதில் சிம் போட வேண்டாம், இணையத்தில் இணைக்க வேண்டாம், வாட்ஸ்அப்பைத் திறந்து பார்க்கவும் வேண்டாம்.

‘வாட்ஸ்அப் செல்லாது’ என்பது எங்கிருந்து வந்தது?

இந்த நம்பிக்கை முழுப் பொய்யும் அல்ல, உண்மையும் அல்ல. பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 65பி என்றொரு பிரிவு இருந்தது. மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்தால், அது எந்தக் கருவியில் இருந்து எப்படி எடுக்கப்பட்டது என்று பொறுப்பானவர் கையொப்பமிட்ட சான்றிதழும் வேண்டும் என்றது அந்தப் பிரிவு. 2005-இல் நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் வேறு வழியில் நிரூபிக்கலாம் என்றது; 2014-இல் அன்வர் வழக்கில் அது தவறு, சான்றிதழ் கட்டாயம் என்றது; 2018-இல் ஷஃபி முகமது வழக்கில் கொஞ்சம் தளர்த்தியது; 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு மறுபடியும் கட்டாயம் என்று உறுதிசெய்தது. பதினைந்து ஆண்டுகள் இப்படி ஊஞ்சலாடியதால்தான், நீதிமன்ற வளாகத்துத் தேநீர்க் கடையில் ஆளுக்கொரு சட்டம் சொல்கிறார்கள்.

உங்கள் தம்பியின் சம்பவம் 2025-இல் நடந்தது. ஆகவே 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம்தான் இதற்குப் பொருந்தும். அதன் 63-ஆவது பிரிவு பழைய 65பி-யின் இடத்தில் இருக்கிறது. சான்றிதழின் படிவத்தையே சட்டத்தின் அட்டவணையில் இரண்டு பகுதிகளாகக் கொடுத்துவிட்டார்கள். முதல் பகுதியில் கருவிக்குப் பொறுப்பானவர் கையொப்பமிட வேண்டும். இரண்டாவதில் நிபுணர் கையொப்பமிட வேண்டும். இரண்டிலும் ‘ஹாஷ் மதிப்பு’ என்ற நீண்ட எழுத்து-எண் வரிசையைக் குறிக்க வேண்டும். ஒரு கோப்பின் கைரேகை என்று அதைச் சொல்லலாம். கோப்பில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் அந்த வரிசை முழுவதும் மாறிவிடும்.

உங்கள் ஆவணங்களில் இரண்டாம் பகுதி இல்லை என்பது உண்மையான குறைதான். ஆனால் அதைக் காட்டித் தம்பி வெளியே வந்துவிடுவார் என்று நம்பாதீர்கள். குற்றப்பத்திரிகையோடு சான்றிதழ் இல்லாதது மட்டுமே வழக்கை வீழ்த்தாது என்று 2019-இல் ஹிரேமத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விசாரணை முடிவதற்குள் சான்றிதழைத் தாக்கல் செய்ய அனுமதிக்கலாம் என்று அர்ஜுன் பண்டித்ராவ் தீர்ப்பும் இடமளித்தது. அவை பழைய சட்டத்தின் மீது எழுந்த தீர்ப்புகள் என்றாலும், அதே நியாயத்தைத்தான் அரசு வழக்கறிஞர் இங்கேயும் முன்வைப்பார். தடய அறிவியல் துறையின் அறிக்கை வரும்போது விடுபட்ட பகுதியும் வந்து சேரலாம்.

அப்படியானால் அந்தக் குறையால் பயனே இல்லையா? உண்டு, ஆனால் நேரம் தவறக்கூடாது. ஸ்கிரீன்ஷாட்டைச் சான்றாவணமாகக் குறியீடு செய்யும் அந்தக் கணத்திலேயே உங்கள் வழக்கறிஞர் எழுந்து ஆட்சேபிக்க வேண்டும். ஆட்சேபம் பதிவாக வேண்டும். விசாரணையின்போது வாய் திறக்காமல் இருந்துவிட்டு மேல்முறையீட்டில் முதல் முறையாக இதைக் கிளப்ப முடியாது என்று 2017-இல் சோனு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. முதல் பகுதியில் கையொப்பமிட்டிருப்பவர் யார் என்றும் பாருங்கள். போன் ஆறாவது நண்பருடையது. புலன் விசாரணை அதிகாரி கையொப்பமிட்டிருந்தால், அந்தக் கருவி எந்தக் காலத்தில் எப்படி அவர் பொறுப்பில் இருந்தது என்ற கேள்வி எழும்.

சான்றிதழைப் பற்றி இவ்வளவு போதும். அது வாசற்கதவு மட்டுமே. எத்தனையோ குடும்பங்கள் கதவருகே நின்று சண்டை போடுவதிலேயே பணத்தையும் மனத்தையும் செலவழித்துவிட்டு, உள்ளே நடக்கும் விசாரணைக்குத் தயாராகாமல் போவதைப் பார்த்திருக்கிறேன்.

யாருடைய விரல்?

உள்ளே முதலில் எழும் கேள்வி, அந்தச் செய்தியை அனுப்பியவர் யார் என்பது. எண் உங்கள் தம்பியின் பெயரில் இருப்பதால் எமோஜியை இட்டதும் அவர்தான் என்று சட்டம் தானாக முடிவுக்கு வந்துவிடாது. மின்னஞ்சல் செய்திகள் பற்றிய, சாக்ஷ்ய அதினியத்தின் 90-ஆவது பிரிவு, அனுப்பப்பட்டதும் வந்து சேர்ந்ததும் ஒன்றே என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம், ஆனால் அனுப்பியவர் இன்னார் என்று அனுமானிக்கக்கூடாது என்கிறது. வாட்ஸ்அப் மின்னஞ்சல் அல்ல. இருந்தாலும் அந்த எச்சரிக்கையின் நியாயம் இங்கும் பொருந்தும் என்று வாதிடலாம். மைக்செட் கடை மேசையில் போன் பூட்டில்லாமல் கிடக்கும், கடைக் கணினியிலும் அவருடைய வாட்ஸ்அப் திறந்தே இருக்கும் என்று நீங்கள் எழுதியிருப்பதும் பொருட்படுத்தத்தக்க செய்திதான்.

ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய பிணை மனுவின் நகலில், ‘சம்பவ நாளன்று கைபேசி மனுதாரரின் வசம் இல்லை’ என்று முந்தைய வழக்கறிஞர் எழுதியிருக்கிறார். தம்பியோ உங்களிடம், ‘நான்தான் அந்த எமோஜியைப் போட்டேன், வேட்டுக்குத்தான் போட்டேன்’ என்கிறார். அனுப்பியது நான் அல்ல என்பதும், அனுப்பினேன் ஆனால் அர்த்தம் வேறு என்பதும் ஒரே வாயிலிருந்து வர முடியாது. சட்டப்படி மாற்று வாதங்களை வைக்கத் தடை இல்லை. ஆனால் நீதிபதியும் மனிதர்தான். இரண்டையும் கேட்டால் இரண்டையும் நம்பாமல் போகக்கூடும். உண்மை எதுவோ அதை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பிணை மனுவில் உள்ள வாசகத்தை எப்படிக் கையாள்வது என்பதை இப்போதைய வழக்கறிஞர் முதல் சாட்சி கூண்டேறுவதற்கு முன்பே தீர்மானித்திருக்க வேண்டும்.

அழித்தது பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தன் போனில் அழித்தால் போய்விட்டது என்று தம்பி நினைத்திருக்கிறார். மற்ற ஐந்து போன்களிலும் அது அப்படியே இருக்கும். குற்றத்துக்குப் பிந்தைய நடத்தையும் சான்றாகும் என்பதால், குழுவை விட்டு வெளியேறியதையும் அழித்ததையும் குற்ற உணர்ச்சியின் அடையாளம் என்று அரசுத் தரப்பு சொல்லும். ஊரில் வெட்டுக்குத்து நடந்த மறுநாள் பயந்துபோன ஓர் இளைஞன் செய்யக்கூடியதுதான் இது என்பது பதில். நம்பத்தக்க பதிலும்கூட, ஆனால் அழிக்கவே இல்லை என்று மட்டும் சொல்லிவிடக்கூடாது.

நிறுவனத்திடம் முழு உரையாடலைக் கேட்பதில் பயனில்லை. 2016 முதல் வாட்ஸ்அப் செய்திகள் இரு முனைகளுக்கு இடையே குறியாக்கம் செய்யப்படுகின்றன. சேர்ந்துவிட்ட செய்தியின் உள்ளடக்கத்தை நிறுவனம் தன் சர்வரில் வைத்திருப்பதும் இல்லை. கணக்கு விவரங்களைத்தான் அவர்களால் தர முடியும். உரையாடல் இருப்பது போன்களில்தான்.

மூன்று பக்கமா, முழு உரையாடலா?

ஸ்கிரீன்ஷாட் என்பது திரையின் புகைப்படம். எங்கே தொடங்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை எடுத்தவர் தீர்மானித்திருக்கிறார். 7.40-க்கு முன்னால் என்ன பேசினார்கள், 9.15-க்குப் பின்னால் என்ன என்று நமக்குத் தெரியாது. புதிய சட்டத்தின் 33-ஆவது பிரிவு, உரையாடலின் ஒரு பகுதி சான்றாக வைக்கப்படும்போது, அதன் பொருளையும் அது எழுந்த சூழலையும் முழுமையாகப் புரிந்துகொள்ள எவ்வளவு தேவையோ அவ்வளவையும் வைக்க வேண்டும் என்கிறது. அந்த அளவை முடிவுசெய்வது நீதிமன்றம், காவல்துறை அல்ல.

ஆகவே இரண்டு மனுக்கள் அவசரம். ஒன்று, குற்றப்பத்திரிகையின் நகல்களைப் பெறும் உரிமையின் கீழ், கைப்பற்றிய போன்களின் தரவு நகலைக் கேட்பது. 2019-இல் கேரளத்து நடிகை வழக்கில், மெமரி கார்டில் உள்ளதும் ஆவணமே, அதன் நகலைப் பெற எதிரிக்கு உரிமை உண்டு, ஆனால் பாதிக்கப்பட்டவரின் அந்தரங்கம் உள்ள இடத்தில் பார்வையிட மட்டும் அனுமதிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் வழக்கில் அப்படிப்பட்ட தடை எதுவும் தெரியவில்லை. மற்றொன்று, ஆறாவது நண்பரின் போனையே நீதிமன்றத்தில் ஒப்படைக்கும்படி உத்தரவு கோருவது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ஆவது பிரிவு அதற்கு வழி செய்கிறது. இந்த வழி இருக்கும்போது அவருடைய தாயாரின் வீட்டு வாசலுக்கு நீங்கள் ஏன் போக வேண்டும்? நல்ல எண்ணத்தில்தான் போவீர்கள், தெரிகிறது. ஆனால் சாட்சியைக் கலைக்க முயன்றதாக ஒரு மனு போதும், தம்பியின் பிணை ரத்தாகிவிடும்.

இவற்றோடு, போன் கைப்பற்றிய மகஜரின் (கைப்பற்றியதைப் பதிவுசெய்யும் ஆவணத்தின்) தேதியையும் ஹாஷ் மதிப்பு எடுக்கப்பட்ட தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஹாஷ் எடுத்த பிறகு எதுவும் மாறவில்லை என்பதைத்தான் அந்த எண் சொல்லும். அதற்கு முன்னால் நடந்ததைப் பற்றி அது எதுவும் சொல்லாது. போன் காவல் நிலையத்தில் பல நாள் திறந்த நிலையில் இருந்திருந்தால், அது குறுக்கு விசாரணைக்குரிய இடைவெளி. தேடுதலையும் கைப்பற்றுதலையும் வீடியோவாகப் பதிவுசெய்ய வேண்டும் என்று சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆவது பிரிவு சொல்கிறது; அந்தப் பதிவையும் கேளுங்கள்.

ஒரு சொல், ஒரு கட்டைவிரல்

இனி வழக்கின் உயிர்நாடிக்கு வருகிறேன். ஆங்கில எழுத்தில் வி, ஈ, இரண்டு டி, யு என்று அடித்தால் அது வெட்டாகவும் படிக்கப்படும், வேட்டாகவும் படிக்கப்படும். தமிழில் குறிலும் நெடிலும் உயிரைக் காக்கும் வேறுபாடுகள். ஆங்கில விசைப்பலகையில் அந்த வேறுபாடு செத்துப்போகிறது. குற்றப்பத்திரிகையில் அதைத் தமிழில் எழுதியவர் ஒரு கொம்பை ஒற்றையாகப் போட்டிருக்கிறார். அந்தக் கணமே அது மூல ஆவணமாக இல்லாமல் அவருடைய வாசிப்பாகிவிட்டது. அந்த வாசிப்பை யார் செய்தார், எதை வைத்துச் செய்தார் என்று கூண்டில் கேட்க வேண்டும்.

‘அது வேட்டுதான்’ என்று தம்பி சொன்னால் மட்டும் போதாது. கொடை விழாவில் வேட்டு போடுவது தென்பாண்டிச் சீமையில் யாரும் அறிந்த வழக்கம் என்பதை நீதிபதியும் அறிவார். ஆனால் அன்றைய இரவு அந்தக் குழுவினர் வேட்டுக்குப் பொறுப்பு ஏற்றிருந்தார்களா என்பதே கேள்வி. விழாக் கமிட்டியின் வரவு செலவு நோட்டில் வேட்டுச் செலவு யார் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது? பட்டாசுக் கடைக்குப் போனில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவு எங்கே? அதோடு, நான் முன்பு சொன்ன பழைய போன். தை மாதம் வரை தம்பி அதைத்தான் வைத்திருந்தார் என்றால், 2024 ஆடிக் கொடையின்போது இதே நண்பர்கள் இதே குழுவில் பேசியது அதில் இருக்கக்கூடும். அப்போதும் இரண்டாம் எதிரி வேட்டு என்ற சொல்லை இதே எழுத்துகளில் அடித்திருந்தால், அவருடைய எழுத்துப் பழக்கமே உங்களுக்குச் சாட்சி. அர்ஜுன் பண்டித்ராவ் தீர்ப்பின்படி, மூலக் கருவியையே தாக்கல் செய்து, அதற்கு உரியவர் கூண்டேறி அது தன்னுடையது, தான் இயக்கியது என்று சொன்னால் அங்கே சான்றிதழ் தேவையில்லை. அந்தப் போனுக்கு உரியவர் தம்பி என்பதால், அவர் கூண்டேறுவதில் உள்ள ஆபத்தையும் வழக்கறிஞர் எடைபோட வேண்டும். நகலாகத் தாக்கல் செய்தால் 63-ஆவது பிரிவு எதிரித் தரப்பையும் கட்டுப்படுத்தும். தம்பி மேடையருகே மைக்செட் இயக்கிக்கொண்டிருந்ததைக் காட்டும் விழா வீடியோவுக்கும் இதே விதிதான். படம் எடுத்தவரிடம் இப்போதே பேசி மூலக் கோப்பைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். அவர் அரசுத் தரப்புச் சாட்சி அல்ல என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கட்டைவிரல் எமோஜி பற்றி நம் உயர் நீதிமன்றமே பேசியிருக்கிறது. ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர், அதிகாரி ஒருவரின் கொலை பற்றிய செய்திக்குக் குழுவில் கட்டைவிரலைக் காட்டியதற்காகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். அந்தச் சின்னத்தை ‘சரி’ என்பதற்கு மாற்றாகவே கொள்ளலாம், கொலையைக் கொண்டாடியதாகக் கொள்ள முடியாது என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு ஆதரவாக நின்றது. அது பணி தொடர்பான வழக்கு என்பதை மறக்க வேண்டாம். எதிர்ப்புறமும் உண்டு: கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், ஆளி விதை விற்பனை ஒப்பந்தத்தின் படத்துக்குக் கட்டைவிரல் காட்டிய விவசாயி அதில் கையொப்பமிட்டதாகவே கொள்ளப்படுவார் என்று 2023-இல் தீர்ப்பாயிற்று. சின்னத்துக்குச் சொந்தமாக அர்த்தம் கிடையாது. எதற்குப் பதிலாக வந்ததோ அதன் அர்த்தத்தையே அது ஏற்கும். 8.10 வரி வேட்டு என்று நின்றால் 8.12 எமோஜியும் தானாகவே விழா வேலையாகிவிடும்.

நீங்கள் எழுதாத ஒரு வரி

கடிதம் முழுவதும் எமோஜியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் பக்கத்தின் நகலை நான் படித்தபோது என் கண் நின்றது வேறிடத்தில். 8.50-க்கு இரண்டாம் எதிரி, ‘அவன் வந்துட்டானா’ என்று கேட்கிறார். 8.52-க்கு உங்கள் தம்பி, ‘மண்டபத்துகிட்ட நிக்கான்’ என்று எழுதுகிறார். மண்டபத்துக்குப் பின்னால்தான் அந்த மனிதர் வெட்டப்பட்டார்.

சகோதரி, அரசுத் தரப்பின் வழக்கு இந்த ஒரு வரியில்தான் நிற்கிறது. எமோஜி அதற்கு ஊன்றுகோல் மட்டுமே. ‘அவன்’ யார்? வேட்டுக்காரரா, வில்லுப்பாட்டுக் குழுவின் ஆளா, காயம்பட்டவரா? இதற்கு என்ன விடை சொல்ல வேண்டும் என்று நான் எழுதித் தர முடியாது. எழுதித் தந்தால் அது வக்கீல் வேலை அல்ல. தம்பி தன் வழக்கறிஞரிடம், நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது, நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வதை வழக்கறிஞர் வெளியிடக்கூடாது என்று சாக்ஷ்ய அதினியத்தின் 132-ஆவது பிரிவு பாதுகாக்கிறது. அக்காவிடம் சொல்லத் தயங்குவதை அங்கே தயங்காமல் சொல்லலாம்.

அந்த விடை எதுவானாலும், சுமை அரசுத் தரப்பின் மேல்தான் இருக்கிறது. ‘அவன்’ என்பது காயம்பட்டவரைத்தான் குறித்தது என்று வைத்துக்கொண்டாலும், அவரை வெட்டப்போகிறார்கள் என்று அறிந்து, அதற்கு உடன்பட்டு இடம் காட்டினார் என்பது வரை அவர்கள் நிரூபிக்க வேண்டும். ஒருவர் எங்கே நிற்கிறார் என்று நண்பன் கேட்டதற்குப் பதில் சொன்னது மட்டுமே சதி ஆகாது. சூழ்நிலைச் சான்றுகளை வைத்துத் தண்டிப்பதற்கு எவ்வளவு இறுக்கமான சங்கிலி வேண்டும் என்று 1984-இல் சரத் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. மரணமடைந்த இளம் பெண் உறவினருக்கும் தோழிக்கும் எழுதிய கடிதங்களை நீதிபதிகள் அந்த வழக்கில் எவ்வளவு பொறுமையாக, வரிவரியாக, மாற்று அர்த்தங்களோடு படித்தார்கள் என்பது இன்றைக்கும் பாடம். இரண்டு வாசிப்புகள் நியாயமாகச் சாத்தியம் என்றால் எதிரிக்குச் சாதகமானதையே ஏற்க வேண்டும். தொலைபேசிக் கோபுர விவரம், முன்பகை, ஆயுதம் வாங்கிய பணம், மற்றவர்களோடு அன்று பேசிய அழைப்புகள் என்று வெளியிலிருந்து எது இந்த வரிக்குத் துணைநிற்கிறது என்று பாருங்கள். நீங்கள் அனுப்பிய ஆவணங்களில் தம்பியைப் பொறுத்தவரை அப்படி எதையும் நான் காணவில்லை. தடய அறிவியல் அறிக்கை வந்தபின் இது மாறலாம்.

இரவு 11.30-க்கு இரண்டாம் எதிரி வேறொருவருக்குத் தனியாக அனுப்பிய ‘முடிஞ்சிருச்சு’ என்ற செய்தியும் வழக்கில் இருக்கிறது. சதி நிறைவேறி முடிந்த பிறகு ஒருவர் சொன்னதை, சதிகாரர்களின் கூற்று என்ற விதியின் கீழ் மற்றவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது என்பது ராஜீவ் காந்தி கொலை வழக்கின் 1999 தீர்ப்பிலேயே விளக்கப்பட்டது. தம்பி குழுவின் அட்மின் என்பதைத் தலைமைப் பொறுப்பு போலக் குற்றப்பத்திரிகை எழுதியிருப்பதும் நிற்காது. அட்மினாக இருந்தது மட்டுமே குற்றமாகாது என்று 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு, கரூர் வழக்கறிஞர்களின் குழு ஒன்றைப் பற்றிய வழக்கில் சொல்லிவிட்டது.

விடுவிப்பு மனுவா, விசாரணையா?

வழக்கு அமர்வு நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள், விசாரணைக்கு முன்பே வழக்கிலிருந்து விடுவிக்கக் கோரும் விடுவிப்பு மனு போடலாம் என்று சுரக்ஷா சன்ஹிதாவின் 250-ஆவது பிரிவு சொல்கிறது. எமோஜி மட்டும் இருந்திருந்தால் போடுங்கள் என்றே சொல்லியிருப்பேன். 8.52 வரி இருக்கும்போது, பலத்த சந்தேகம் இருக்கிறது என்று நீதிபதி கருத வாய்ப்பு அதிகம். மேலும் அந்தக் கட்டத்தில் எதிரி தன் பக்க ஆவணங்களை வைக்க உரிமை இல்லை என்று 2004-இல் தேவேந்திரநாத் பாதி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்திருக்கிறது. அதாவது நோட்டும் பழைய போனும் அங்கே உதவாது, ஆனால் உங்கள் வாதம் மட்டும் எதிர்த்தரப்புக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். வழக்கையே ரத்து செய்யக் கோரி மதுரை அமர்வுக்குப் போனாலும், ஒரு சொல்லை எப்படிப் படிப்பது என்ற சாட்சிய ஆய்வில் உயர் நீதிமன்றம் பொதுவாக இறங்காது. எனவே என் சாய்வு விசாரணையை நேருக்கு நேர் சந்திப்பதன் பக்கம்தான். முடிவு உங்கள் வழக்கறிஞருடையது. ஆவணம் முழுவதையும் பார்ப்பவர் அவர்.

அடுத்த வாய்தாவுக்குள் தரவு நகல் மனுவும் 94-ஆவது பிரிவு மனுவும் தாக்கலாகட்டும். பழைய போனை உறையிலிட்டு முத்திரை வைத்து, தேதி எழுதி, வழக்கறிஞரிடம் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கமிட்டி நோட்டு யாரிடம் இருக்கிறதோ அவரிடம், இந்த ஆண்டுக் கொடைக் கணக்குக்குப் புது நோட்டு வாங்கிக்கொள்ளும்படியும், 2025 நோட்டில் இனி யாரும் ஒரு புள்ளிகூட வைக்க வேண்டாம் என்றும் ஊர்ப் பெரியவர் ஒருவர் மூலம் சொல்லச் சொல்லுங்கள்.